இரண்டிலும் மாட்டும்

ஸ்ரீதருக்கு வயது முப்பத்தைந்து. குன்றத்தூரில் வாடகை வீடு, வல்லம் வடகாலில் வேலை. கார் கதவுக்குப் பூட்டு செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருக்கிறான். ஒன்பது வருஷம் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு மாதம் வேலை கொடுத்து, ஒரு மாதம் ‘பிரேக்’ என்று வீட்டுக்கு அனுப்பி, மறுபடி புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் கூட்டத்தில் ஒருவன். ஒன்பது தடவை புதிதாகச் சேர்ந்த பழைய ஆள். அவனுக்குப் பெண் பார்க்க வந்த தரகர்கள் ‘பர்மனென்டா?’ என்று கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். அவன் அம்மா சுந்தராம்பாள் வல்லக்கோட்டை முருகனுக்கு ஏழு செவ்வாய்க்கிழமை விளக்குப் போட்டுப் பார்த்தாள். முருகனும் பர்மனென்ட் மாப்பிள்ளைகளை முதலில் முடித்துவிட்டு வருவார் போலிருக்கிறது, இன்னும் வரவில்லை.

வேலை என்னவோ சுலபம்தான். லைனில் வரும் ஒவ்வொரு பூட்டையும் எடுத்து இரண்டு சோதனை செய்ய வேண்டும். கதவில் சரியாகப் பொருந்துகிறதா என்பது ஒன்று. அதற்கு ‘ஃபிட்மென்ட்’ என்று பெயர். பொருந்தியபின் ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்பது இன்னொன்று, அது ‘ஃபங்ஷன்’. இரண்டில் ஒன்று தவறினாலும் ‘என்ஜி’, அதாவது ‘நாட் குட்’, என்று எழுதிச் சிவப்புச் சீட்டு கட்டிவிடுவான். ‘ஃபிட்மென்ட் ஓகே, ஃபங்ஷன் என்ஜி’ என்று ஒரு ஷிஃப்டில் பத்து தடவையாவது எழுதுவான். பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒன்பது வருஷம் படித்தவன் அவன். படிப்பெல்லாம் கம்பெனி வாசலோடு சரி.

அந்த வாசலில் காலையில் நுழையும்போது, உள்ளே யாரும் படம் எடுக்காதிருக்க, செக்யூரிட்டி எல்லோருடைய செல்போன் கேமரா மேலும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டுவார். சாயங்காலம் வெளியே வந்ததும் ஆளாளுக்கு அதை உரித்து சாலையோரம் விளக்குக் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஸ்ரீதர் உரிக்க மாட்டான். அவனுக்கு செல்போன் கேமரா ஒரு பொருட்டே இல்லை. அவனிடம் நிஜக் கேமரா இருந்தது. அதுவும் இரண்டு.

முதலாவது ஃபிலிம் கேமரா. பேட்டரி இல்லாவிட்டாலும் ஓடுகிற பழைய இரும்புத் துண்டு. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்கிற சாம்சன் கடையில் வாங்கியது. அதனுடன் ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று வந்தது. ஜூம் கிடையாது. முன்னே போக வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும், பின்னே வர வேண்டுமானாலும் நாம்தான். பிரைம் லென்ஸ் என்பார்கள். ஸ்ரீதர் அந்த ஐம்பதிலேயே ஊறிப்போனான். நாலடியில் முகம், எட்டடியில் ஆள், பன்னிரண்டடியில் குடும்பம் என்று அவன் காலுக்கே கணக்குத் தெரியும். கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே சரியான இடத்தில் போய் நின்றிருப்பான்.

இரண்டாவது டிஜிட்டல் கேமரா. லைனில் கூட வேலை செய்த ஒருத்தன் ஆசையாக வாங்கி, அதன் லென்ஸைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, உடம்பை மட்டும் ஸ்ரீதர் தலையில் கட்டினான். போதாக்குறைக்கு ஒரு மழைக்காலத்தில் ஃபிலிம் கேமராவின் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்து, எல்லாப் படமும் பனிமூட்டமாக வந்தது. ஆக, இரண்டு உடம்பு, ஒரு கண்ணும் இல்லை. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

கேமராக்கள் அப்படியே கிடந்திருக்கும், அவன் தங்கை ஐஸ்வர்யாவுக்கு வளைகாப்பு நாள் குறிக்காமல் இருந்திருந்தால்.

ஐஸ்வர்யா கட்டிக்கொண்டது விமலை. ஒரே கம்பெனியில், எதிரெதிர் லைனில் வேலை பார்த்தபோது ஏற்பட்ட காதல். விமலின் அப்பா தேவராஜன் தன் தங்கை மகளைத்தான் மகனுக்குக் கட்டுவதாகப் பத்துப் பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தவர். மகன் ரிஜிஸ்டர் ஆபீசில் தாலி கட்டிய அன்றைக்கே, “அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. இங்கேருந்தும் யாரும் அங்க போவக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி பங்கஜம், புருஷன் சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழகாதவள். இரண்டு வருஷம் மகனுடன் போனில் பேசுவதோடு சரி. அந்த ரிஜிஸ்டர் கல்யாணத்தை ஸ்ரீதர் யாரிடமோ இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமராவில் எடுத்திருந்தான். வீட்டுக்கு வருவதற்குள் அதன் மெமரி கார்டு செத்துவிட்டது. தங்கைக்குக் கல்யாணப் படம் என்று ஒன்று இல்லாமலே போனது. அதிலிருந்து முக்கியமான எதையும் ஃபிலிமிலும் நாலு எடுத்து வைப்பது என்று சபதம்.

இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் ஐஸ்வர்யா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் அதைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். எந்த வீட்டுக்கு? விமலும் அவளும் குடியிருப்பது ஒரகடத்தில் மாடியில் ஒரு பத்துக்குப் பத்து ஹாலும் ஒரு சமையலறையும். ஐஸ்வர்யாவின் ஆசையெல்லாம் பிள்ளை முதலில் தாத்தா வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றி உள்ளே போக வேண்டும் என்பதுதான். “அது ஒண்ணு நடந்துட்டா போதும்ணா, நான் அந்த வூட்ல இருக்கணும்னுகூட இல்ல” என்பாள். ஸ்ரீதரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. படம் எடுக்க முடியும். ஒரு லென்ஸ் வாங்குவதென்று முடிவு செய்தான்.

சாம்சன் மூன்று லென்ஸ்களை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

“இது முப்பத்தஞ்சு. உன் டிஜிட்டலுக்கு இதான் கரீட்டு. உள்ள கீற சென்சார் சின்னது. அதுல ஐம்பது போட்டின்னா எழுபத்தஞ்சு மாதிரி இழுத்துக்கினு வரும். ரூம்ல பின்னால போவ எடம் பத்தாது.”

“இத ஃபிலிம் கேமராவுல போட்டா?”

“நாலு மூலையும் கறுப்பாயிடும். அதுக்கு செஞ்சது இல்ல இது.”

ஸ்ரீதர் முப்பத்தைந்தைத் தள்ளி வைத்தான். இரண்டாவது ஒரு பழைய ஐம்பது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இடுப்பில் எண் போட்ட வளையம் வைத்தது. டிஜிட்டலில் மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும் என்றார் சாம்சன். வளைகாப்புப் பரபரப்பில் யார் திருப்பிக்கொண்டிருப்பது? அதையும் தள்ளினான். மூன்றாவது புது ஐம்பது. தொட்டதும் சர்ரென்று தானே ஃபோகஸ் ஆனது. இடுப்பில் வளையம் கிளையம் எதுவும் இல்லாமல் வழவழவென்று இருந்தது. புது மாடல், அழகாகத்தான் செய்திருக்கிறான் என்று ஸ்ரீதர் நினைத்துக்கொண்டான்.

“அண்ணே, இது ரெண்டுலயும் மாட்டுமா?”

சாம்சன் அப்போது வேறொருவரின் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிராமலே, “மாட்டும்” என்றார்.

பொய்யில்லை. மாட்டியது. கடையிலேயே இரண்டிலும் மாட்டிப் பார்த்தான், ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். ஒன்பது வருஷமாக இரண்டு கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன், தன் காசில் வாங்கும்போது ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டான். மறுநாள் வல்லக்கோட்டைக் கோயில் வெளியில் டிஜிட்டலில் போட்டு எடுத்துப் பார்த்தான். பின்னால் நடக்க எவ்வளவு வேண்டுமானாலும் இடம். முன்னால் நிற்பவர் பளிச்சென்றும் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகியும் வந்தது. ஃபிலிமில் எடுத்துப் பார்க்கவில்லை. கிடைப்பதே அரிதான ரோலை சோதனைக்கு வீணாக்குவானேன்?

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரகடத்து மாடி ஹாலில் நடந்தது. ஐஸ்வர்யாவை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் பெண்கள். எதிர்ச்சுவரில் பீரோ. ஸ்ரீதர் கேமராவைக் கண்ணில் வைத்த உடனேயே சாம்சன் சொன்னது விளங்கியது. ஆள் தெரிய வேண்டிய இடத்தில் முகம்தான் தெரிந்தது. பின்னால் நகர்ந்தான். பீரோ முதுகில் இடித்தது. காலுக்குத் தெரிந்த கணக்கு அந்த ஹாலில் செல்லுபடியாகவில்லை. சந்தனம் பூசுகிறவர்களின் கை வந்தது, ஆள் வரவில்லை. ஹாலில் ஒரே டியூப்லைட். ஃப்ளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்கு ஒரு வீம்பு. வெளிச்சம் போதாததால் லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தான். ஒரு முகத்தைப் பிடித்தால் பக்கத்து முகம் கரைந்துபோனது. சரி, ஃபிலிமில் ஐம்பது ஐம்பதாகவே இருக்கும், ஹால் முழுக்க வந்துவிடும் என்று தேற்றிக்கொண்டு, லென்ஸைக் கழற்றி அதில் மாட்டி நாலு எடுத்தான். அதன் வழியாகப் பார்க்கும்போது எல்லாம் வெளிச்சமாக, விசாலமாக, சரியாகத் தெரிந்தது.

இதற்கு நடுவில் பெண்கள் செல்போனை நீட்டி நீட்டிப் படம் எடுக்க, குறுக்கே கை வந்தது. ஸ்ரீதருக்குக் கோபம். “யாரும் செல்லுல எடுக்காதீங்க. ஃபிரேம்ல கை வருது. நான் எல்லாருக்கும் குடுக்கிறேன்” என்று அதட்டினான். பெண்ணுக்கு அண்ணன், சீர் கொண்டுவந்தவன் என்பதால் சொல்லைத் தட்டாமல் செல்போன்களை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் நினைத்தால் அவன் தன் வாயிலேயே அடித்துக்கொள்வான்.

வந்தவர்களில் பாதிப் பேர் மொட்டைமாடியில் சாப்பிடப் போயிருந்தார்கள். விமல் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். அப்போதுதான் மாடிப்படியில் மூச்சு வாங்க ஒரு அம்மாள் ஏறி வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. ஐஸ்வர்யா பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“அத்த!”

பங்கஜம் நேராக அவளிடம் போனாள். பையிலிருந்து சிவப்புக் கண்ணாடி வளையல்களை எடுத்து, மருமகளின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். இரண்டு கன்னத்திலும் சந்தனம் தடவினாள். தடவுகிறபோதே அவளுக்கும் கண்ணீர், இவளுக்கும் கண்ணீர். ஐஸ்வர்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து காலைத் தொட்டாள். ஸ்ரீதர் பீரோவோடு பீரோவாக ஒட்டிக்கொண்டு டிஜிட்டலில் பத்து, ஃபிலிமில் நாலு எடுத்தான். ஒரு பெண் செல்போனை எடுத்தவள், அவன் முறைத்ததும் கீழே இறக்கிவிட்டாள்.

பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை. போகும்போது பங்கஜம் அவனிடம் நின்றாள்.

“தம்பி, நான் வளையல் போட்டத எடுத்தியா?”

“எடுத்துகினேன் அத்த.”

“கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துகீறேன். அவராண்ட வாயத் தொறந்து சொல்ற தைரியம் எனக்கு இல்லப்பா. படத்த கொண்டாந்து அவரு கையில குடு. நான் பொண்ணுக்குச் செஞ்சிட்டேன், பொண்ணு காலைத் தொட்டுட்டான்னு அவரே பாத்துகினாருன்னா அப்பறம் இன்னா செய்வாரு? ரெண்டு நாள் கத்துவாரு. பேரப்பிள்ளை வரும்போது கதவத் தொறந்துடுவாரு.”

“இன்னொரு படம் நேரா நின்னு எடுத்துக்கலாமா அத்த?”

“வேணாம்பா, பஸ்ஸு போயிடும். அதான் எடுத்துட்டியே.”

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தான் ஸ்ரீதர். பத்துப் படத்திலும் ஐஸ்வர்யா மகாலட்சுமியாக இருந்தாள். இமையில் நின்ற ஒரு சொட்டுக் கண்ணீர்கூடத் தெரிந்தது. பங்கஜம் ஆறு படத்தில் இல்லவே இல்லை. மூன்றில் சேலையும் கையும். ஒன்றில் மட்டும் முகம் இருந்தது, அதுவும் தண்ணீரில் விழுந்த மஞ்சள் கோலம்போலக் கரைந்து. அவன் அவ்வளவு பெருமைப்பட்ட அந்த வெண்ணெய் உருக்கல், தங்கையின் மாமியாரை உருக்கிவிட்டிருந்தது.

ஃபிலிம் இருக்கிறதே என்று தைரியம் சொல்லிக்கொண்டான். ரோலைச் சென்னையில் கழுவிக் கொடுக்கும் ஒரு லேபுக்கு கூரியரில் அனுப்பினான். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரத்தில் பங்கஜம் இரண்டு தடவை போன் செய்தாள். “வந்துச்சா தம்பி?” என்பாள், பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டதும், “ராங் நம்பருங்க” என்று வைத்துவிடுவாள். ஐஸ்வர்யா அம்மா வீட்டில் படுத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஆரத்தி சுற்றும்போது என்ன நிறச் சேலை கட்டலாம் என்று அம்மாவோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். ஸ்ரீதர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பான். 

நாலாம் வாரம் ரோல் வந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தான். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒன்றுமில்லை. வெறும் பிளாஸ்டிக் நாடா. லேபில் கெடுத்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டே சாம்சன் கடைக்கு ஓடினான்.

சாம்சன் நெகட்டிவைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இத போட்டு ஃபிலிம்ல எடுத்தியா? இதுல வளையமே இல்லியேப்பா. இது எவ்ளோ தொறக்கணும்னு டிஜிட்டல் கேமரா தானே சொல்லும். உன் பழைய பெட்டிக்கு அத சொல்லத் தெரியாது. நீ அமுக்குன ஒவ்வொரு தரமும் இது ஊசிமுனை அளவுக்கு மூடிக்கும். டியூப்லைட்ல அப்டி எடுத்தா இன்னாத்த வரும்?”

“உள்ள பாத்தா வெளிச்சமா தெரிஞ்சுதே?”

“பாக்கும்போது தொறந்துதான் இருக்கும். அமுக்கும்போதுதான் மூடும்.”

“நீங்கதானேண்ணே ரெண்டுலயும் மாட்டும்னு சொன்னீங்க?”

“மாட்டுமான்னு கேட்ட, மாட்டும்னேன். வேலை செய்யுமான்னு கேட்டியா நீ?”

ஸ்ரீதர் லென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஃபிட்மென்ட் ஓகே. அதற்கு மேல் அவன் வாயால் எப்படிச் சொல்வான்? சாம்சன் மேல் கோபப்படவும் முடியவில்லை. அழுகை வந்தது, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பட்டப்பகலில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதான்.

பங்கஜம் மூன்றாம் தடவை போன் செய்தபோது உண்மையைச் சொன்னான். மறுபக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “எதுனா ஒண்ணு இருந்தா கொண்டாப்பா. பொண்ணு முகத்தப் பாத்தாவது மனசு எறங்கட்டும். கேட்டாருன்னா நான் சொல்லிக்கிறேன்” என்றாள். சொல்லிக்கிறேன் என்று அவள் சொன்னதை நம்பித்தான் அவன் அந்தக் கரைந்த முகப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனான்.

தேவராஜன் விரட்டவில்லை. நாற்காலி போடச் சொன்னார். வீடு தேடி வந்தவனை நிற்கவைத்துப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் ஐஸ்வர்யாவின் வயிற்றருகே ஒரு கணம் நின்றது. ஸ்ரீதர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

“பக்கத்துல யாரு?”

“அத்தைங்க. வளைகாப்புக்கு வந்தாங்க. அவங்கதான் வளையல் போட்டாங்க.”

“எந்த அத்தை?”

“நம்ம அத்தைதாங்க. இவங்க.”

தேவராஜன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். பிறகு சமையலறைக் கதவைப் பார்த்துத் திரும்பினார். அங்கே பங்கஜம் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாடி? இவன் சொல்றான், நீ போனியாமே?”

ஸ்ரீதர் அவளைப் பார்த்தான். அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். அந்த மஞ்சள் கலங்கலில் மூக்கு எது, கண் எது என்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது. அவள் உதடு ஒரு தரம் அசைந்தது.

“நான் எங்கங்க போனேன்? அது வேற யாரோ.”

அவ்வளவுதான். அவள் மேல் ஸ்ரீதருக்குக் கோபம்கூட வரவில்லை. நாற்பது வருஷமாகப் பயந்தவளுக்கு ஒரே ஒரு முகம் தெளிவாகத் தெரிந்திருந்தால், தப்பித்துக்கொள்ள வழியில்லாமல் தைரியம் வந்திருக்கும். வழியை அவனே செய்து, பிரிண்ட் போட்டு, கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

தேவராஜன் கண்ணாடியைக் கழற்றினார். படத்தை அவனிடமே நீட்டினார். குரலில் சூடு எதுவும் இல்லை.

“பொண்ணு முகம் நல்லா வந்துகீதுப்பா. நல்லா எடுத்துகீற. உங்க வூட்ல மாட்டி வையி.”

பங்கஜம் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவனைப் பார்க்காமல், சொம்பைப் பார்த்துக்கொண்டே, “வெயில்ல வந்துகீறீங்க. குடிச்சிட்டுப் போங்க” என்றாள். தம்பி என்று சொல்லவில்லை.

ஸ்ரீதர் தண்ணீரைக் குடித்தான். அத்தை என்று கூப்பிட வாயெடுத்தவன், “வரேங்கம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்தான்.